ஷூவை மாற்றும் முன்: பழைய பைக்கின் முன் டிரம் பிரேக் கோளாறுகள்

"முன் பிரேக் பிடிக்கலைண்ணே" என்று பழைய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அநேகமாகக் கிடைப்பது ஒரே பதில்தான்: "ஷூ மாத்திடலாம்." மாற்றுகிறார்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழைய கதை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம் என்ற வட்டக் கிண்ணத்தின் உட்புறத்தில் உரசி வண்டியை நிறுத்தும் இந்த ஷூ தேய்வது உண்மைதான். ஆனால் பழைய வண்டியில் ஷூ தேய்வதற்குள் கேபிள் துருப்பிடித்துவிடும், ஷூவை விரிக்கும் கேம் இறுகிவிடும், டிரம் வட்டம் கெட்டுவிடும். இவற்றை விட்டுவிட்டு ஷூவை மட்டும் மாற்றினால், புது ஷூவும் அதே கோளாறோடுதான் மல்லுக்கட்டும்.

இங்கே பேசுவது முன்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளைப் பற்றி மட்டும்: ஆர்எக்ஸ்100, பழைய ஸ்ப்ளெண்டர், டிஸ்க் வருவதற்கு முந்தைய புல்லட், அவற்றின் உறவுக்காரர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ், அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு என்று சட்டமே வந்தது. நம் பழைய வண்டிகளுக்கு அந்தத் துணை கிடையாது. ஒரு கேபிள், ஒரு கேம், இரண்டு ஷூ, அவ்வளவுதான். அதனாலேயே வீட்டு வாசலில் உட்கார்ந்து முழுசாகச் சரிசெய்யவும் முடிகிறது.

விசை போகும் வழியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. விரல் லீவரை இழுக்கிறது, லீவர் கேபிளை இழுக்கிறது, கேபிள் கீழே, டிரம்மை மூடியிருக்கும் பிரேக் பிளேட்டுக்கு வெளியே இருக்கும் ஆர்மை இழுக்கிறது. ஆர்ம் உள்ளே இருக்கும் கேமைத் திருப்புகிறது. கேம் இரண்டு ஷூவையும் விரிக்கிறது, ஷூ டிரம்மில் உரசுகிறது. ஆறு இடம். கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, சக்கரத்தைக் கழற்றாமலே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. எந்த அறிகுறியானாலும் முதலில் இவற்றைச் செய்துவிடுங்கள்.

முதல் சோதனை: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கீழே ஆர்மிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். மேலே லீவரை இழுத்து விட்டால் கேபிள் தானாக வழுக்கி வர வேண்டும், போக வேண்டும். சொரசொரப்பு தெரிந்தால் கேபிள் போய்விட்டது. அடுத்து ஆர்மைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஷூ டிரம்மைத் தொடும் வரை லேசாகத் திரும்பி, விட்டவுடன் ஸ்பிரிங் வேகத்தில் திரும்பி வந்து நிற்க வேண்டும். மந்தமாக வந்தால் கேம் இறுகியிருக்கிறது. கோளாறு கேபிளிலா, பிளேட்டிலா என்பது இதிலேயே பிரிந்துவிடும்.

இரண்டாவது: கேபிளை மறுபடி மாட்டி, லீவரை நன்றாக இறுக்கிப் பிடித்தபடி பக்கவாட்டில் இருந்து ஆர்மைப் பாருங்கள். ஆர்முக்கும் கேபிளுக்கும் இடையே ஏறக்குறைய 90 பாகை, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போயிருந்தால் நீங்கள் கொடுக்கும் பலத்தில் ஒரு பகுதி ஆர்மைத் திருப்பாமல் வீணாகிறது. இந்த ஒரு கோணத்தை யாருமே பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது

மிகச் சாதாரணமான புகார். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை பிளே, அதாவது பிரேக் பிடிக்கும் முன் சும்மா அசையும் தூரம், இருப்பது சரி. அதற்கு மேல் போனால் கீழே இருக்கும் அட்ஜஸ்டர் நட்டை முடுக்குங்கள். மேலே லீவர் பக்கம் இருக்கும் சின்ன அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே விட்டு வைத்துக்கொண்டு கீழே முடுக்குவதுதான் முறை. மேலே இருப்பது வழியில் அவசரத்துக்கு.

கீழே மரை தீரும் வரை முடுக்கியும் லீவர் உள்ளே போகிறது என்றால் ஷூ தேய்ந்திருக்கலாம், கேபிள் நீண்டிருக்கலாம், கேமின் முகம் தேய்ந்திருக்கலாம். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் ஆர்முக்கு அடியில் ஒரு அம்புக்குறித் தகடு இருக்கும். பிரேக்கை முழுசாகப் பிடிக்கும்போது அந்த அம்பு, பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டால் ஷூவின் மேல் உரசும் பட்டையான லைனிங்கின் ஆயுள் முடிந்தது. அம்பு இல்லாத வண்டியில் சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். புது லைனிங் பொதுவாக 4 மி.மீ. தடிமன் இருக்கும், 2 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஒரே ஷூவில் ஒரு முனை 3, மறு முனை ஒன்றரை என்று இருந்தால் குறைந்த அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் நடக்கும் ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அட்ஜஸ்ட்மென்ட் தீர்ந்துவிட்டால், ஆர்மைக் கழற்றி, கேம் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். லீவர் உடனே கெட்டியாகிவிடும், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். ஆனால் லைனிங் தேய்ந்தது தேய்ந்ததுதானே? கேம் இப்போது தன் எல்லையைத் தாண்டித் திரும்பி நிற்கிறது. அவசரமாகப் பிரேக் பிடிக்கும் ஒரு நாள் கேம் முழுசாகப் புரண்டு நின்றுவிட்டால் ஷூ திரும்பி வராது, முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் பூட்டினால் என்ன ஆகும் என்று ஓட்டுகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆர்மிலும் தண்டிலும் கம்பெனியில் போட்ட பஞ்ச் குறிகள் இருக்கும். இரண்டும் நேராக இல்லாவிட்டால் யாரோ இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஷூவின் கேம் படும் முனையில் தகரத் துண்டை மடித்துச் சொருகுவதும் இதே வகைதான். கண்டால் எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

லீவர் மெத்தென்று இருக்கிறது

பிளே சரியாக இருக்கிறது, ஷூவும் தொடுகிறது, ஆனால் இழுக்க இழுக்க லீவர் இன்னும் உள்ளே போகிறது. டிஸ்க் வண்டியில் இப்படி இருந்தால் காற்று புகுந்திருக்கிறது என்போம். டிரம்மில் எண்ணெயே கிடையாது, ஆகவே எதுவோ வளைகிறது அல்லது அமுங்குகிறது.

முதல் சந்தேகம் கேபிளின் வெளியுறை மீது. மலிவான கேபிளில் உள்ளே இருக்கும் சுருள் கம்பி இறுக்கத்தில் அமுங்கும். லீவரை ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கேபிளின் வளைவுகளைப் பார்த்தால் அது நிமிர்ந்து நெளிவது கண்ணுக்கே தெரியும். பத்து ரூபாய் மிச்சம் பார்க்காமல் வண்டிக் கம்பெனியின் கேபிளையே வாங்குங்கள். உயரமான ஹேண்டில்பார் மாற்றியிருந்தால் கேபிள் நீளம் போதாமல் இழுபட்டோ, தாழ்வானதை மாற்றியிருந்தால் மிச்ச நீளம் சுருண்டோ இருக்கும். இரண்டுமே இந்த மெத்தென்ற உணர்வைத் தரும்.

கேபிள் நன்றாக இருந்தால், ஷூ டிரம்மோடு முழுசாகப் பொருந்தவில்லை. புது ஷூ போட்ட அன்றே இப்படி இருக்கிறது என்றால் காரணம் இதுதான். ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒத்துப்போகாமல் நடுவில் மட்டும் தொடும். இறுக்கினால் ஷூவே கொஞ்சம் வளையும். இதைக் கண்டுபிடிக்க லைனிங் முழுவதும் சாக்பீஸ் தேய்த்து, சக்கரத்தை மாட்டி, லேசாகப் பிரேக் பிடித்தபடி நாலைந்து சுற்று சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் தொட்ட இடம். முக்கால்வாசிப் பரப்பாவது அழிந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் அழிந்திருந்தால், அந்தத் திட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி சோதியுங்கள். பொறுமையான வேலை, ஆனால் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. டிரம்மின் உட்புறத்தை லேத்தில் கடைசல் பிடித்துச் சீவிய வண்டியில் இந்தப் பொருத்தமின்மை நிச்சயம் இருக்கும், ஏனென்றால் டிரம் பெரிதாகிவிட்டது, ஷூ பழைய அளவிலேயே வருகிறது.

பிளேட்டை மையப்படுத்துவதும் இங்கேதான் வருகிறது. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடியுங்கள். பிடித்த பிடியை விடாமல் ஆக்சில் நட்டை முடுக்குங்கள். பிளேட் தன் மையத்துக்கு வந்து உட்காரும், இரண்டு ஷூவும் சமமாகத் தொடும். சக்கரத்தை எப்போது கழற்றி மாட்டினாலும் இதைச் செய்வது பழக்கமாகிவிட வேண்டும். காசு செலவில்லாத வேலை, பல வண்டிகளில் வித்தியாசம் உடனே தெரியும்.

லீவர் கெட்டியாக இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை

பலமாகப் பிடிக்கிறீர்கள், லீவர் இறுகி நிற்கிறது, வண்டி மட்டும் தன் பாட்டுக்குப் போகிறது. கேபிள் சோதனையில் எல்லாம் சரியாக வந்திருந்தால் இப்போது சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். பிரேக் கேபிள், ஸ்பீடோ கேபிள் இரண்டையும் விடுவித்து, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்தால் எடுத்துவிட்டு ஆக்சிலை உருவினால் சக்கரம் பிளேட்டோடு இறங்கிவிடும். எந்தப் பக்கத்தில் ஸ்பேசர் இருந்தது என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாய் வைத்து அடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. பனியன் வேஸ்டைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, அதைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பையன்கள் ஊதிச் சுத்தம் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தால், அது சூட்டில் இறுகி மெருகேறிவிட்டது. எப்போதும் லேசாகப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே ஓட்டுபவர்களின் வண்டியில் இது சீக்கிரம் வரும். 80ஆம் நம்பர் உப்புத்தாளில் அந்த மெருகு போகும் வரை தேய்த்தால் போதும், ஷூ மாற்ற வேண்டியதில்லை. டிரம்மின் உட்பரப்பையும் உப்புத்தாளால் குறுக்கு வாட்டில் தேய்த்துவிடுங்கள்.

லைனிங் ஈரமாக, கறுத்து, தொட்டால் பிசுக்கென்று இருந்தால் எண்ணெயோ கிரீஸோ இறங்கியிருக்கிறது. டிரம் பக்கம் இருக்கும் பேரிங் சீல் கிழிந்திருக்கலாம். ஸ்பீடோ பல்சக்கரத்தில் யாராவது தாராளமாகக் கிரீஸ் அப்பியிருக்கலாம், பல வண்டிகளில் அது இந்தப் பிளேட்டிலேயேதான் உட்கார்ந்திருக்கிறது. தேய்மானம் தவிர, இந்த ஒரு நிலைமையில் மட்டும் நான் தயங்காமல் ஷூவை மாற்றச் சொல்வேன். பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடி போடும் வழக்கம் உண்டு. மேலே இருக்கும் எண்ணெய் போகும், உள்ளே ஊறியது போகாது. வெயில் நாளில் இரண்டு தடவை நன்றாகப் பிரேக் பிடித்தால் சூட்டில் அது மறுபடி மேலே வரும். எண்ணெய் வந்த வழியை அடைக்காமல் புது ஷூ போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் போகும்.

எண்ணெயும் இல்லை, மெருகும் இல்லை என்றால் டிரம்மைப் பாருங்கள். விரலால் தடவினால் வரி வரியாகப் பள்ளம் தெரிகிறதா? ரிவெட் அடித்த லைனிங் தேய்ந்து ரிவெட் தலை உரசினால் இப்படி ஆகும். லேத் பட்டறையில் கடைசல் பிடிக்கலாம், ஆனால் எல்லை உண்டு. டிரம் அமைந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பாகம்தான் ஹப்; பல ஹப்களின் உட்புறத்திலேயே அதிகபட்ச விட்டம் வார்க்கப்பட்டிருக்கும். 130 மி.மீ. டிரம்முக்கு அது பொதுவாக 131 மி.மீ. கடைசல் பிடிப்பவரிடம் ஹப்பைக் கொடுக்கும்போதே இந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

விட்டாலும் பிடித்துக்கொண்டே இருக்கிறது

தள்ளினால் வண்டி கனமாக இருக்கிறது, சிறிது தூரம் ஓடியதும் முன் ஹப்பில் கை வைக்க முடியவில்லை, மைலேஜும் குறைகிறது. முதல் சோதனையே இதற்கு விடை சொல்லிவிடும்.

கேபிள்தான் என்றால், மேல் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் புனல் போலக் கட்டி, அதில் இன்ஜின் ஆயில் ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் அடியில் சொட்டியிருக்கும். மருந்துக் கடை ஊசியாலும் ஏற்றலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். மார்கழிக் காலையில் அது உறைந்து கேபிளையே பிடித்துக்கொள்ளும். உள் கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் எண்ணெய் விடுவது வீண், கேபிளை மாற்றுங்கள். அறுந்த இழை பெரும்பாலும் லீவருக்குள் இருக்கும் உருண்டை முனைக்குப் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும்போது மட்டும் பிரேக் பிடிக்கிறது என்றால் கேபிள் போகும் வழி தப்பு, அல்லது நீளம் போதவில்லை.

கேம் இறுகியிருந்தால் பிளேட்டைப் பிரிக்க வேண்டும். ஷூ இரண்டையும் ஸ்பிரிங்கோடு சேர்த்து, திறந்த புத்தகத்தை மூடுவது போல மேல்நோக்கி மடித்தால் கையோடு வந்துவிடும். ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பினால் ஸ்பிரிங் கண்ணைத் தேடி வரும். ஆர்மைக் கழற்றும் முன் குறி நேராக இருக்கிறதா பாருங்கள், குறியே இல்லாவிட்டால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கேம் தண்டை உருவி, துரு இருந்தால் உப்புத்தாளில் துடைத்து, அது உட்காரும் துளையையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு சூடு தாங்கும் கிரீஸ், மெல்லிய படலமாக. தண்டிலும், கேமின் முகத்திலும், எதிர்ப்பக்க ஊசியில் ஷூ உட்காரும் இடத்திலும் மட்டும். கொஞ்சம் போதாதோ என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. அதிகமானால் உருகி லைனிங்குக்குப் போகும், மேலே சொன்ன கதை ஆரம்பமாகும்.

தண்டைத் துளைக்குள் வைத்து ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கிறது. லேத்தில் புஷ் போட்டுத்தர முடியும், ஆனால் பல வண்டிகளுக்கு நல்ல நிலையில் ஒரு பழைய பிளேட் வாங்கிப் போடுவதே சுலபம். ஸ்பிரிங்கில் சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம்.

விட்டு விட்டுப் பிடிக்கிறது

பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலுக்குள் துடிக்கிறது, வேகம் குறையக் குறையத் துடிப்பும் நிதானமாகிறது. டிரம் வட்டமாக இல்லை. ஸ்டாண்டில் போட்டு, ஷூ லேசாக உரசும்படி லீவரைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் ஒரு சுற்றில் ஒன்றோ இரண்டோ இடத்தில் மட்டும் உரசும் சத்தம் கேட்கும்.

ஸ்போக் சக்கரத்தில் இதற்கு ஒரு காரணம் உண்டு, அதை எவரும் யோசிப்பதில்லை: ஸ்போக்கை ஒரு பக்கம் அதிகமாக முடுக்கினால் அது ஹப்பையே இழுத்து டிரம்மைக் கோணலாக்கும். சமீபத்தில் ரிம் மாற்றினீர்களா, வீல் பெண்டு எடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் ஹப்பைத் தனியாகக் கடைசலுக்குக் கொடுப்பதில் பயனில்லை. சக்கரத்தை முழுசாகக் கட்டி, ஸ்போக் இறுக்கத்தைச் சரிசெய்து, அந்த நிலையிலேயே டிரம்மைக் கடைசல் பிடிக்க வேண்டும். பெரிய லேத் வைத்திருக்கும் பட்டறையில்தான் ரிம்மோடு மாட்ட முடியும். விசாரித்துப் போங்கள்.

பேரிங் ஆடினாலும் ஏறக்குறைய இதே உணர்வு வரும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் டிரம்மைக் குறை சொல்லலாம்.

வெடுக்கென்று பிடிக்கிறது, கீச்சிடுகிறது

இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறேன், மருந்து பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு ஷூவில், சுற்றும் டிரம் முதலில் கேம் முனையைக் கடந்து செல்வது எதிலோ அதுதான் லீடிங் ஷூ. சக்கரமே அதை டிரம்முக்குள் இழுத்து இறுக்கும். அதனால்தான் டிரம் பிரேக்கில் கம்மியான விசைக்கு நல்ல பிடி கிடைக்கிறது. இந்த ஷூவின் முன் விளிம்பு கூராக இருந்தால் அது டிரம்மைக் கவ்வும். அந்த விளிம்பை அரத்தால் சில மி.மீ. அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். கவ்வுவதும் கீச்சிடுவதும் இரண்டும் அடங்கும்.

காலையில் முதல் பிரேக்கில் மட்டும் வெடுக்கென்று பிடித்து அப்புறம் சரியாகிவிட்டால், இரவு ஈரத்தில் டிரம்மில் மெல்லிய துரு படிந்திருக்கிறது. வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளும் அப்படித்தான். அது கோளாறே அல்ல.

ஆனால் பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்று ஒரு அடி விழுந்து, பின்னால் உருட்டிப் பிடித்தால் இன்னொரு 'டக்' கேட்டால், உடனே வண்டியை நிறுத்துங்கள். பிளேட்டில் ஒரு பள்ளம் இருக்கும், ஃபோர்க்கின் கீழ்க் காலில் அதற்குள் உட்காரும் ஒரு முண்டு இருக்கும். பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் தடுப்பது அந்த முண்டு மட்டும்தான். சக்கரத்தை மாட்டும்போது அது பள்ளத்துக்குள் உட்காரவில்லையென்றால் முதல் பெரிய பிரேக்கிலேயே பிளேட் சுற்றி, கேபிளை இழுத்துச் சுருட்டி, சக்கரத்தைப் பூட்டிவிடும். இந்த ஒரு பொருத்தத்தை மட்டும் இரண்டு தடவை பாருங்கள், வேறு யார் மாட்டியிருந்தாலும்.

மலை இறக்கத்தில் பிடி போகிறது

ஊரில் நன்றாக இருந்த பிரேக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கும்போதே மந்தமாகி, லீவர் உள்ளே போய், கருகிய வாடை வந்தால் அது பழுது இல்லை. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, லைனிங்கும் சூட்டில் பிடியை இழக்கிறது. ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். முக்கியமாக, சூடாக இருக்கும்போது அட்ஜஸ்டரை முடுக்காதீர்கள். ஆறியதும் டிரம் சுருங்கும், முடுக்கிய ஷூ அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் அவற்றில் குறைவு, பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழுகிறது. கியரைக் குறைத்து, வளைவுக்கு முன் ஒரு தடவை பலமாகப் பிடித்து விட்டுவிடுங்கள். தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் டிரம்மை வேக வைக்கும்.

மழை வெள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு பிரேக்கே இல்லாதது போலிருந்தால், மெதுவாகப் போகும்போது லீவரை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சூட்டில் ஈரம் காய்ந்து பிடி திரும்பும்.

இரண்டு கேம் உள்ள வண்டிகள்

சில புல்லட்களின் 7 அங்குல முன் டிரம்மில் இரண்டு கேம், இரண்டு ஆர்ம், அவற்றை இணைக்கும் ஒரு கம்பி. 1983இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350-லும் இதே ஏற்பாடுதான். ஜப்பானில் அந்த வண்டிக்கு இருந்த டிஸ்க்கை இங்கே டிரம் ஆக்கினார்கள், அதற்காக இன்றுவரை திட்டு வாங்குகிறார்கள். இரண்டு ஷூவுமே லீடிங் ஷூ என்பதால் சரியாக அமைத்தால் பிடி அருமையாக இருக்கும். அமைப்பது இணைப்புக் கம்பியில்தான் இருக்கிறது. அது தப்பினால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், மற்றது சும்மா இருக்கும். "புல்லட்டில் பிரேக் அப்படித்தான்" என்று சொல்லப்படும் பல வண்டிகளின் ரகசியம் இது.

கம்பியின் ஒரு முனைப் பின்னைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஆர்மையும் தனித்தனியாகக் கையால் தள்ளி, அதன் ஷூ டிரம்மைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டும் தொட்டபடி இருக்கும்போது, பின் தானாக வழுக்கி உள்ளே போகும் அளவுக்குக் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து லாக் நட்டை முடுக்குங்கள். அதன் பிறகுதான் கேபிள். ஷூ மாற்றும்போதெல்லாம் இதை மறுபடி செய்ய வேண்டும். இந்த வகை பிரேக் பின்பக்கம் உருளும்போது பலவீனம், ஏனென்றால் அப்போது இரண்டு ஷூவும் சக்கரத்தின் உதவியை இழக்கின்றன. மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னால் வழுக்கினால் பயப்படாதீர்கள், காலைப் பின் பிரேக்கில் வையுங்கள்.

மாட்டிய பிறகு

புது ஷூ வாங்கும்போது லைனிங் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கடையில் வருஷக்கணக்கில் கிடந்த ஷூவில் பசை காய்ந்து லைனிங் கழன்று வரும். ஓடும்போது கழன்றால் அது ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே ஆப்பு போலச் செருகிக்கொள்ளும்.

டிஸ்க் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஃபோர்க், ஹப், ஆக்சில், மாஸ்டர் சிலிண்டர் என்று எல்லாமே மாறும். நான் முதலில் டிரம்மை ஒழுங்காகச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கத்தான் சொல்வேன். 100 கிலோவை ஒட்டிய வண்டிக்கு, ஒழுங்காகப் பொருந்திய 130 மி.மீ. டிரம் ஊருக்குள் தாராளம்.

முதல் ஓட்டம் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், நடை வேகத்தில், பின் பிரேக்கில் கால் தயாராக. ஷூ பதியும் வரை பலமான பிரேக் வேண்டாம். 30, 40 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து விட்டு, ஆற விட்டு, மறுபடி பிடியுங்கள். ஷூ பதியப் பதிய லீவரின் பிளே கூடும், அது இயல்பு. சில நாள் ஓடிய பிறகு வண்டி ஆறியிருக்கும்போது அட்ஜஸ்டரை மறுபடி பாருங்கள், ஆக்சில் நட்டின் இறுக்கத்தையும் காட்டர் பின்னையும் சேர்த்து.